பாப்பாவுக்குத் தமிழ் எழுத்துப் பயிற்சிப் பக்கம் செய்கிறேன், வீட்டில் பஞ்சாயத்து. என்ன சொல்கிறீர்கள்?

நொய்யல்கரை | வெள்ளி, இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் இருக்கிறேன், வலைத்தள வேலை. வாடிக்கையாளர் லண்டன்காரர். மகள் இரண்டாம் வகுப்பு, ஆங்கில வழி. தமிழில் வாய் ஓயாமல் பேசுவாள், சண்டை பிடிப்பாள். டவுன் பஸ் பலகையைப் படி என்றால் மட்டும் நம்பரைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

குழந்தைகளுக்கான செயலிகள் சிலவற்றைப் போட்டுப் பார்த்தோம். அகரத்தை அழகாகக் காட்டிவிட்டு ஆங்கிலத்தில் பாராட்டுகிறது, நாலு எழுத்து தாண்டுவதற்குள் விளம்பரம். அதனால் நானே ஒரு பக்கம் செய்யத் தொடங்கினேன். பெரிய விஷயம் இல்லை. திரையில் எழுத்து வெளிறித் தெரியும், அதன் மேல் விரலால் எழுத வேண்டும், முடித்ததும் ஒலி வரும், ஒரு நட்சத்திரம் விழும். நெட் இல்லாவிட்டாலும் ஓடும். ஓரத்தில் விரிசல் விட்ட பழைய டேப்லெட் ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது, அதற்கும் ஒரு வேலை.

இப்போது பஞ்சாயத்து. மனைவி சொல்வது: "அந்தப் பொட்டியோட மல்லுக்கட்டற நேரத்துல அவகூட உட்கார்ந்து நாலு வரி எழுத வெச்சிருந்தா இந்நேரம் படிச்சிருப்பா." என் பக்க நியாயம்: நான் நிரல் எழுதுவது பத்து மணிக்கு மேல், அவள் தூங்கிய பிறகு. விழித்திருக்கும் நேரத்தில் எனக்கு மீட்டிங். லண்டனில் மதியம் 2 மணி என்றால் அவர்கள் கோடையில் நமக்கு மாலை 6:30. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அதே மீட்டிங் நமக்கு 7:30 ஆகிவிடும், மார்ச் கடைசி வரைக்கும். பள்ளிக்கூட வீட்டுப்பாடமும் சாப்பாடும் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து விழுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. என் மாமியார், பாப்பாவுக்கு அம்மிச்சி, எங்களோடு இருக்கிறார். சிலேட்டில் எழுதிக் காட்டுவது அவர்தான். யானை என்று எழுதினால் னை-க்கு மேலே துதிக்கை வைத்த பழைய வடிவம். பாப்பா அதையே டேப்லெட்டில் எழுதினாள், பக்கம் சிவப்பு காட்டியது. "யானைக்குத் தும்பிக்கை இருக்கணுமில்லப்பா?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்படிப் பிள்ளைகளுக்காகச் செய்தவர்கள் யாராவது உண்டா? அது ஓடுகிறதா, மூலையில் கிடக்கிறதா?

---

சமையலறைசர்வர் | சனி, காலை 7:05

நானும் அதே தொழில்தான், சென்னை. இரண்டு பிள்ளைகள். என் கதை எழுத்துப் பயிற்சி இல்லை, வீட்டு நிர்வாகம். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு டேப்லெட்டை ஒட்டி அதில் ஒரு பக்கம்: இன்றைக்கு யார் பெரியவனைக் கூப்பிடப் போவது, சின்னவளுக்கு வெள்ளை யூனிஃபார்மா கலர் யூனிஃபார்மா, லைப்ரரி புத்தகம் திருப்பும் நாளா, டிபனுக்கு என்ன. வானிலை கூட வைத்திருந்தேன், மழை வந்தால் ரெயின்கோட் படம் வரும். வந்தவர்கள் எல்லாம் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதை யார் தினமும் அப்டேட் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? இருக்கிற வேலையோடு இன்னொரு வேலை, அதற்கும் நான்தான் அட்மின். "டிபன் என்னன்னு பக்கத்துல வரலையே" என்று ஒரு நாள் காலையில் வீட்டுக்காரர் கேட்டார். அன்று சாயங்காலமே ஸ்டேஷனரிக் கடையில் ஒரு வெள்ளைப் பலகை வாங்கி மாட்டினேன். இப்போது அவரும் எழுதுகிறார், பெரியவன் எழுதுகிறான், சின்னவள் ஓரத்தில் பூனை வரைகிறாள். ஒரு நிரல் பிழையும் இல்லை.

நொய்யல்கரை, உங்கள் மனைவி நேரத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து மணிக்கு மேல்தானே என்கிறீர்கள். பத்து மணிக்கு மேல் வீட்டில் வேலையே கிடையாதா? டிபன் பாக்ஸ் கழுவுவது, மாவை எடுத்து வைப்பது, யூனிஃபார்ம் தேய்ப்பது எல்லாம் யார்?

---

நொய்யல்கரை | சனி, காலை 9:40

பாத்திரம் நான். யூனிஃபார்ம் அவர். மாவு அம்மிச்சி கணக்கு. ஆனால் கேள்வி குத்தத்தான் செய்கிறது.

---

பழையபிஎச்பி | சனி, மதியம் 12:15

குடும்ப வழக்கில் நான் தலையிடவில்லை, எழுத்து வழக்கைப் பார்ப்போம். தமிழில் இந்த மாதிரிப் பக்கம் செய்கிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடங்கள் சில இருக்கின்றன. நீங்கள் தாண்டிவிட்டீர்களா தெரியாது, எழுதி வைக்கிறேன்.

அம்மா என்பது நமக்கு மூன்று எழுத்து. உலாவியின் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் 5 என்னும். அ, ம, புள்ளி, ம, கால் என்று தனித்தனியாக எண்ணுகிறது. சாதாரண ஸ்ப்ளிட் போட்டுப் பிரித்தால் கால் தனியாகக் கழன்று புள்ளி வட்டத்தோடு திரையில் நிற்கும். பிள்ளைகள் அதை ஒரு புது எழுத்து என்று நினைத்துக்கொள்ளும். இதற்கு உலாவியிலேயே எழுத்தாகப் பிரிக்கும் இன்ட்ல்.செக்மென்டர் என்ற கருவி இருக்கிறது. குரோம், சஃபாரி இரண்டிலும் முன்பே வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது. அதில் பிரித்தால் அ, ம், மா என்று ஒழுங்காக வரும். ஆனால் க்ஷ-வை க், ஷ என்று இரண்டாகத்தான் உடைக்கும், ஸ்ரீ-யையும் அப்படியே. அந்த இரண்டுக்கும் கையால் விதிவிலக்கு எழுதிவிடுங்கள். லக்ஷ்மி என்று ஒரு பிள்ளை வகுப்பில் கட்டாயம் இருக்கும்.

அடுத்தது, தட்டச்சு செய்து விடை சரிபார்க்கும் பகுதி வைத்தால்: கொ-வை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றேதான், ஒப்பிட்டால் வேறு வேறு. இரண்டு பக்கத்தையும் ஒரே சேமிப்பு வடிவத்துக்கு மாற்றிவிட்டு (நார்மலைஸ்) ஒப்பிடுங்கள், என்எஃப்சி என்ற வடிவம் போதும். அது காப்பாற்றாத இடம் ஔகாரம். ஔவை என்பதை ஒ போட்டு ள போட்டு அடிப்பவர்கள் ஏராளம், மௌனத்திலும் ஒற்றைக் கொம்பு போட்டு ள. கணினிக்கு அது நிஜமாகவே ளகரம். இணையத்தில் இருந்து சொல் பட்டியல் எடுத்தீர்கள் என்றால் முதலில் இதைத் தேடித் திருத்துங்கள்.

நட்சத்திரங்களை லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது உலாவியின் சொந்தச் சேமிப்பில், வைத்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் கவலை குறைவு. ஐபேட் என்றால், 2020-இலிருந்து சஃபாரியின் கொள்கை இது: ஏழு நாள் அந்தத் தளத்தைத் தொடாமல் சஃபாரியைப் பயன்படுத்தினால், தளம் எழுதி வைத்ததைத் துடைத்துவிடும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. காலாண்டு விடுமுறை முடிந்து வந்து "என் நட்சத்திரம் எங்கே" என்று குழந்தை கேட்பதற்கு முன்னால் சேர்த்துவிடுங்கள்.

---

குறுக்குச்சந்து | சனி, மதியம் 1:30

இதற்கு இவ்வளவு பேச்சா? ஏஐ-யிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் முழுச் செயலியும் எழுதித் தரும். அதை அப்படியே பிளே ஸ்டோரில் போடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் காசு கொடுத்து வாங்குவார்கள். மனைவியும் வாயைத் திறக்க மாட்டார்.

---

பழையபிஎச்பி | சனி, மதியம் 2:10

எழுதித் தரும், நானும் தினமும் அதோடுதான் வேலை செய்கிறேன். எழுத்தைப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள், கவனமாகக் கேட்காவிட்டால் அதே பழைய ஸ்ப்ளிட்டைப் போட்டுத் தரும். ஆங்கிலத்தில் எல்லாம் சரியாக ஓடும். குதிரைக்கு மூன்று கட்டம் வர வேண்டிய இடத்தில் ஆறு கட்டம் வரும். அதைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

---

கரும்பலகை | சனி, இரவு 8:45

நான் நிரலர் இல்லை. அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை, என் தம்பி இந்த இழையை அனுப்பிப் படிக்கச் சொன்னான். எங்கள் பள்ளியில் 2022-இலிருந்து எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படைக் கல்வித் திட்டம் நடக்கிறது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைப் பிள்ளைகளோடு தினமும் இதே பாடுதான்.

முதலில் தும்பிக்கை. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணை, லை, ளை, னை நான்கும், ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் ஒன்பதும் சேர்த்து 13 எழுத்துகள் மாறின. அதற்கு முன்னால் படித்தவர்கள் கைக்குப் பழைய வடிவம்தான் வரும். என் மாமனாரும் அப்படித்தான் எழுதுவார், மளிகைச் சீட்டில் வெல்லம் ஒழுங்காக இருக்கும், வெற்றிலையில் துதிக்கை தூக்கி நிற்கும். தப்பு என்று சிவப்பு காட்டாதீர்கள். "இது அம்மிச்சி எழுத்து, புத்தகத்தில் இப்படி இருக்கும்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் குழந்தை புரிந்துகொள்ளும். பெரியவர் எழுதிக் காட்டியதை ஒரு கருவி தப்பு என்றால், அடுத்த நாள் அவரிடம் சிலேட்டைக் கொண்டுபோக மாட்டாள். அந்த இழப்பு பெரிது.

அடுத்தது வரிசை. நீங்கள் அ, ஆ, இ, ஈ என்று 247-ஐயும் வரிசையாக அடுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், செயலிகள் எல்லாம் அப்படித்தான். இ எழுதுவதற்கு அந்தச் சின்ன விரல் எத்தனை திருப்பம் திரும்ப வேண்டும் என்று பாருங்கள். நான் ட, ப, ம என்று தொடங்குவேன். நேர்க்கோடும் மூலையும்தான், ம-வில் ஒரு வளைவு. புள்ளியைச் சேர்த்துவிட்டால் படம், பட்டம், மடம், மட்டம் என்று அன்றைக்கே சொல் படிக்கிறார்கள். முதல் வாரத்தில் ஒரு சொல்லைத் தானாகப் படித்த குழந்தையின் முகமே வேறு. 247 எழுத்தையும் பாடிக் காட்டிவிட்டு ஒரு சொல்லும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நாலாம் வகுப்பில் இருக்கிறார்கள்.

உங்கள் மகளுக்குப் பேச்சு இருக்கிறது, சொல் இருக்கிறது. அதனால் எழுத்தாகப் பயிற்சி வேண்டாம், சொல்லாகக் கொடுங்கள். கண்ணாடியில் விரல் வழுக்கிக்கொண்டு போகும், பென்சில் பிடிக்க அது பழக்காது. திரையில் எழுதியதைக் கட்டாயம் நோட்டிலும் எழுத வையுங்கள்.

---

நொய்யல்கரை | ஞாயிறு, காலை 10:30

டீச்சர், நன்றி. 247-ம் வரிசையாகத்தான் இருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! இன்று காலையே ட, ப, ம-வை மேலே தூக்கிப் போட்டேன். பட்டம் வந்ததும் "அப்பா, இது காத்தாடியா?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு மாடிக்குப் போய் நிஜப் பட்டம் கேட்டு ஒரு மணி நேரம் ரகளை. பக்கம் திறந்தபடியே கிடக்கிறது.

---

ஸ்கார்பரோபனி | ஞாயிறு, மாலை 6:50

வணக்கம். நான் கனடா, ஸ்கார்பரோ. ஊர் யாழ்ப்பாணம். மகனுக்கு ஒன்பது வயது, சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. வீட்டில் நாங்கள் தமிழ் கதைப்போம், அவன் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லுவான். உங்கட மகள் சண்டை பிடிப்பதாவது தமிழில், கொடுத்து வைத்தவர்.

நான் செய்தது தட்டச்சுப் பக்கம். ஒலிப்பு முறையில் அடிக்கப் பழக்கினால் பிள்ளை ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் முதலில் ஆங்கில எழுத்தில் யோசிக்குது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ்99 விசைப்பலகையில் அம்மாவுக்கு நாலே தட்டு: அ, ம, ம, ஆ. ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் புள்ளி தானாக விழும். ங-வும் க-வும் அடுத்தடுத்து அடித்தால் ங்க. உயிர் எல்லாம் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டோடு வந்த முறை. ஊரில் அரச அலுவலகங்களில் ரெங்கநாதன் விசைப்பலகைதான் பழக்கம், அப்பாவுக்கு இது தெரியாது. ஐபோனில் தமிழ்99-உம் இருக்குது, ஒலிப்பு முறை அஞ்சலும் இருக்குது, தனியாக ஒன்றும் போடத் தேவையில்லை. மகன் இப்ப அம்மம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதுறான். ரகரம், றகரம் எல்லாம் தாறுமாறு. அம்மம்மா திருத்தி அனுப்புவா, திருத்தத்திலும் பிழை இருக்கும்.

ஒலிக்கு உலாவியில் இருக்கிற இயந்திரக் குரலைப் போட்டிருந்தால் மாற்றிப் பாருங்கோ. நான் அம்மம்மாவிடம் சொற்களைச் சொல்லச் சொல்லிக் குரல் பதிவு எடுத்தேன். வாட்ஸ்அப் குரல் பதிவு ஓப்பஸ் வடிவில் வரும், பழைய ஐபேட் அதைப் பாடாது, எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருளில் போட்டு எம்பி3 ஆக்க வேணும். பின்னால காகம் கத்துது, ஆரோ கேட்டைத் திறக்கினம், வாழைப்பழத்துக்கு ழகரம் மட்டும் கண்ணாடி மாதிரி விழுது. மகன் காகம் வாற சொல்லைத்தான் திருப்பித் திருப்பித் தட்டுறான்.

---

சமையலறைசர்வர் | ஞாயிறு, இரவு 9:15

குறுக்குச்சந்து பிளே ஸ்டோர் சொன்னார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. என் அலுவலகத்தில் ஒரு திட்டத்துக்காக 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வரி வரியாகப் படிக்க வேண்டி வந்தது, அதனால் சொல்கிறேன். அதில் 18 வயது ஆகாத எல்லோரும் குழந்தைதான். அவர்கள் தரவைத் தொட வேண்டுமானால் பெற்றோரிடம் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வாங்க வேண்டும், குழந்தையின் நடத்தையைப் பின்தொடரக் கூடாது, குறிவைத்த விளம்பரம் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். வீட்டுக்குள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் தரவு அந்தச் சட்டத்துக்குள் வராது. நொய்யல்கரையின் டேப்லெட் டேப்லெட்டாகவே இருக்கட்டும். ஊருக்குக் கொடுக்க ஆசை என்றால் கணக்கு, லாகின், பயன்பாட்டைக் கண்காணிக்கும் அனலிட்டிக்ஸ் எதுவும் இல்லாமல் வெறும் பக்கமாகக் கொடுங்கள், கிட்ஹப் பேஜஸ் என்ற தளத்தில் இலவசமாகவே ஓடும்.

"மனைவி வாயைத் திறக்க மாட்டார்" என்பதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று விடுகிறேன்.

---

குறுக்குச்சந்து | ஞாயிறு, இரவு 9:32

வாபஸ்.

---

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 10:50

நடந்ததைச் சொல்கிறேன். இந்த இழையை மனைவியிடம் காட்டினேன். டீச்சர் எழுதியதையும் சமையலறைசர்வர் எழுதியதையும் இரண்டு தடவை படித்தார், பழையபிஎச்பி எழுதியதைத் தள்ளிவிட்டார். பிறகு வங்கியில் கடன் மனுவைப் பார்க்கும் அதே குரலில் நிபந்தனை போட்டார். அவர் வேலையே அதுதான். லண்டன்காரரிடம் பேசி வாரத்தில் இரண்டு நாளாவது அந்த மீட்டிங்கில் இருந்து விடுபட வேண்டும், அந்த நேரம் பாப்பாவோடு நோட்டில். பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், ஆனால் "பாப்பாவுக்காகத்தான்" என்று சொல்லிக்கொண்டு எழுதக் கூடாது, எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுத வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் கொஞ்ச நேரம் தொண்டையில் நின்றது. யோசித்தால், கிரிக்கெட் பார்க்கிறவர் யாரும் பிள்ளைக்காகப் பார்க்கிறேன் என்று சொல்வதில்லையே.

கேட்டேன். லண்டன்காரருக்கும் இரண்டு பிள்ளைகளாம், செவ்வாயும் வியாழனும் அன்றைய நிலவரத்தை எழுதி அனுப்பினால் போதும் என்றார். இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் இத்தனை நாள் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

அம்மிச்சி குரல் பதிவும் தொடங்கியாயிற்று. 216 உயிர்மெய்யையும் சொல்லச் சொன்னால் ஓடிவிடுவார், அதனால் டீச்சர் சொன்ன மாதிரி சொற்கள் மட்டும். மைக்கைப் பார்த்ததும் குரல் ரேடியோ செய்தி மாதிரி ஆகிவிடுகிறது. பாப்பா எதிரில் உட்கார்ந்து "இது என்னம்மிச்சி?" என்று கேட்டால் சரியாக வருகிறது. குக்கர் விசிலோடு ஒரு பழம் பதிவாகியிருக்கிறது, அதை மாற்றக் கூடாது என்று இப்போதே உத்தரவு. பழைய னை-யும் சேர்ந்துவிட்டது. யூனிகோடில் இரண்டு வடிவத்துக்கும் குறி ஒன்றுதான், எழுத்துருதான் தீர்மானிக்கிறது. அதனால் அம்மிச்சி தாளில் எழுதியதைப் படம் எடுத்துத் தனி வழித்தடமாக வரைந்து வைத்தேன்.

பழையபிஎச்பிக்கு ஒரு கேள்வி. பாப்பா எழுதும்போது உள்ளங்கையை முதலில் திரையில் ஊன்றிவிடுகிறாள். கோடு கையில் இருந்து தொடங்கி எழுத்துக்குக் குறுக்கே பாய்கிறது. பக்கமும் சேர்ந்து மேலே கீழே நகர்கிறது. என்ன செய்ய?

---

பழையபிஎச்பி | புதன், காலை 8:05

என்னைத் தள்ளிவிட்டுப் படித்தவர் வீட்டுக்கும் தொண்டு செய்கிறேன், பரவாயில்லை.

பக்கம் நகர்வதற்கு: எழுதும் பரப்பான கேன்வாஸுக்கு, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்‌ஷன் நன் (none) போடுங்கள், உருளாது. உள்ளங்கைக்கு: உலாவி தொடுதலைத் தெரிவிக்கும் பாயின்டர் ஈவென்ட்ஸ் பயன்படுத்தினால் ஒவ்வொரு தொடுதலுக்கும் தனி ஐடி வரும், அகலமும் உயரமும் கூடவே வரும். முதலில் பட்டதுதான் பிரைமரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீட்டில் முதலில் படுவது உள்ளங்கை. ஒரு எல்லை வைத்து அதைவிட அகலமான தொடுதலை ஒதுக்குங்கள். பழைய டேப்லெட் சிலவற்றில் அந்த அளவு எப்போதும் ஒன்று என்றே வரும், அப்படியானால் எழுத்து தொடங்கும் புள்ளிக்கு அருகில் விழுந்த தொடுதலை மட்டும் பேனாவாக எடுத்துக்கொண்டு மற்ற ஐடிகளை விட்டுவிடுங்கள். எழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் பொட்டு வைத்தால் விரல் தானாக அங்கே போகும்.

குரல் கோப்புகள் சேரச் சேர எல்லாவற்றையும் முதல் திறப்பிலேயே இறக்காதீர்கள். அந்தப் பாடத்துக்கு வேண்டியதை மட்டும் நெட் இல்லாதபோதும் கோப்பை எடுத்துத் தரும் சர்வீஸ் ஒர்க்கரில் சேமியுங்கள்.

---

கரும்பலகை | புதன், மாலை 5:20

பச்சைப் பொட்டு நல்லது. நாங்களும் மணலில் எழுத வைக்கும்போது தொடங்கும் இடத்தில் ஒரு புளியங்கொட்டை வைப்போம். அடுத்து ய, ர, ல சேர்த்துவிடுங்கள், மரம், பல், மயில் வரும். மயிலுக்கு இகரக் குறி வேண்டும், அதையும் அந்தச் சொல்லிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம், தனிப் பாடம் வேண்டாம். கோப்பு தயாரானதும் இங்கே போடுங்கள், எங்கள் பள்ளி டேப்லெட்டில் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதில் நெட் கிடையாது.